பீலித் தேத்தண்ணி

மலையில் தண்ணீர் பார்க்கப் போகிறவர்கள், அங்கே யாராவது தேத்தண்ணி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். மரியாதைக்காக இதைச் சொல்லவில்லை. மரியாதை உங்களுக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். வேலைக்காகச் சொல்கிறேன். கிளாஸை வாங்குங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பிறகு குடியுங்கள். ஏன் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் வேலையை விட்டு அதிக காலம் ஆகவில்லை. வயதும் அப்படியொன்றும் ஆகிவிடவில்லை. என் முழங்கால்கள் எனக்கு முன்னாலேயே ஓய்வு பெற்றுவிட்டன, அவ்வளவுதான். குழாய்க்கிணறு எங்கே போடலாம், போட்டால் எவ்வளவு இறைக்கலாம், இறைத்தால் யாருடைய ஊற்று வாடும்? இந்த மூன்று கேள்விகளைச் சுமந்துகொண்டு ராகலையிலிருந்து ஹட்டன் வரை ஏறி இறங்கியதுதான் என் உத்தியோகம். முதல் இரண்டுக்கும் கருவிகள் இருக்கின்றன. அவற்றை நீங்கள் என்னைவிட நன்றாகவே கையாளுகிறீர்கள். மூன்றாவது கேள்விக்கு மட்டும் எதிரே ஆட்கள் நிற்பார்கள். கருவியைப் பார்த்துக்கொண்டே அவர்களுக்குப் பதில் சொல்ல முடியாது.

முதலில் வேறொரு நாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உத்தியோகத்தின் நடுவில் சில வருடங்கள் கிழக்கு ஆப்பிரிக்காவின் பிளவுப் பள்ளத்தாக்கில் ஒப்பந்த வேலை பார்த்தேன். பூமி அங்கே இன்னும் விலகிக்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் சுவர் போல மலைவிளிம்பு. நடுவே நிலம் படிபடியாக இறங்கி அடியில் போய் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு படியும் ஒரு பிளவு. மழை பெய்வது விளிம்பில், வெயில் காய்வது அடியில். விளிம்பில் விழுந்த மழை பாறைக்குள் புகுந்து, அந்தப் படிகளில் கீழே நடக்கிறது. அவசரமே இல்லாத நடை. மேலே அது விழுந்த அன்று பிறந்த குழந்தை, கீழே அது ஊறி வரும்போது உயிரோடிருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

வழியில் ஒரு பிளவு குறுக்கே வரும். இரண்டு பக்கப் பாறையும் உரசி உரசி மாவாகி, களிமண்ணாகி, இறுகிப்போன பிளவு என்றால் அது சுவர். தண்ணீர் அதன் பின்னால் தேங்கி உயரும், முன்பக்கம் காயும். உடைந்து திறந்தபடியே கிடக்கிற பிளவு என்றால் அது வழி. தண்ணீர் அதற்குள் விழுந்து, திசை திரும்பி, பள்ளத்தாக்கின் நெடுக்கில் யாரும் நினைக்காத ஊருக்குப் போய்ச் சேரும். மேலே நின்று பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. புல்லில் ஒரு கோடு, அவ்வளவுதான்.

எங்கள் குழுவின் தலைவி அந்த நாட்டுக்காரி. என்னைவிட இரண்டொரு வயது மூத்தவள். சிரிக்கவே மாட்டாள். ஒரு நாள் அப்படியொரு கோட்டைக் காட்டி, "இது சுவர்" என்றேன். வரைபடம் அப்படித்தான் சொன்னது. அவள் வண்டியை எடுத்தாள். கோட்டுக்கு மேலே இருந்த கிராமத்தில் பள்ளிக்கூடம் விட்டிருந்தது. பிள்ளைகள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். வெள்ளைப் பற்கள். கோட்டுக்குக் கீழே இருந்த கிராமத்துக்குப் போனோம். அங்கேயும் சிரித்தார்கள். பற்களில் பழுப்புக் கறை. பாறைக்குள் நெடுநாள் கிடந்த தண்ணீர் புளோரைடைக் கரைத்துக்கொண்டு வரும். அதைக் குடித்து வளர்ந்த பற்கள் அவை. இரண்டு ஊருக்கும் நடுவில் நடக்கிற தூரம்தான்.

"சரி, சுவர்தான்" என்றாள்.

வேறொரு நாள், வேறொரு கோடு. அங்கே இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பழுப்புப் பற்கள். "இது கதவு" என்றாள். கோட்டுக்குப் பெயர் வைக்குமுன் இரண்டு பக்கத்தையும் சிரிக்கவைத்துப் பார் என்று சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். அப்போதுதான் பார்த்தேன், அவளுடைய பற்களும் பழுப்பு.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொண்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

நம்முடைய மலைநாடு பிளவுப் பள்ளத்தாக்கு இல்லை. நம் பாறைகள் கிழடுகள். விலகுவதையும் நொறுங்குவதையும் எப்போதோ முடித்துக்கொண்டு, தேயிலையைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கின்றன. ஆனால் பழைய வெடிப்புகள் உள்ளே அப்படியே இருக்கின்றன. லிந்துலைப் பக்கம் நின்று பாருங்கள். சில ஓடைகள் அடிமட்டம் வைத்துக் கிழித்தது போல நேராக ஓடும். எந்த ஓடையும் தன் விருப்பத்துக்கு அவ்வளவு ஒழுங்காக ஓடாது. கீழே ஒரு வெடிப்பு அதைப் பிடித்து வைத்திருக்கிறது. மேலே மக்கிய பாறை பஞ்சு போல மழையைக் குடித்துவைக்கும். அடியில் உள்ள வெடிப்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளும். வெடிப்பு சரிவில் எங்கே வாய் திறக்கிறதோ அங்கே ஊற்று. ஊற்றுக்கு மூங்கிலோ குழாயோ வைத்துத் தாரையாக விழ விட்டால் அது பீலி. குளிப்பது, துவைப்பது, ஊர்க்கதை பேசுவது, சண்டை போடுவது, ராசியாவது எல்லாம் பீலிக்கரையில்தான். நான் வளர்ந்தது தோட்டத்து வரிசை வீட்டில்; எங்கள் லயத்துக்கும் ஒன்று இருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். லிந்துலைப் பக்கத்தில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். மலையின் மேலே உள்ள பிரிவு மேல்கணக்கு, கீழே உள்ளது கீழ்க்கணக்கு. ஒரு மழைக்காலத்தில் மேல்கணக்கின் லயம் ஒன்று மண்சரிவில் போய்விட்டது. சுவர் வெடித்த சத்தத்தைக் கேட்டு எல்லோரும் வெளியே ஓடிவிட்டதால் உயிர்ச் சேதம் இல்லை. அன்று முதல் அந்தக் குடும்பங்கள் பழைய பிள்ளைக்காம்பராவில் இருந்தார்கள். அம்மாமார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற கட்டிடம் அது. உள்ளே சேலைகளைக் கட்டித் தடுத்து, ஒரு சேலைக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம்.

மேட்டில் அவர்களுக்குத் தனி வீடுகள் கட்டி முடிந்திருந்தன. கதவு போட்டாயிற்று, பெயின்ட் அடித்தாயிற்று. தண்ணீர் மட்டும் இல்லை. தண்ணீர் இல்லாத வீட்டைக் கையளிக்க முடியாது. அதற்காகத்தான் குழாய்க்கிணறு. அதற்காகத்தான் நான்.

பிள்ளைக்காம்பராக் குடும்பங்களுக்காகப் பேசியவர் சரோஜா. கொழுந்து பறிக்கிறவர், மலையின் ஒரு மூலையில் பேசினால் மறு மூலையில் கேட்கும். அவருடைய மகளைக் கீழ்க்கணக்கில் கட்டிக்கொடுத்திருந்தார். மகளின் மாமியார் கமலம். கமலத்தின் வீடு கீழ்க்கணக்குப் பீலிக்கு அடுத்த வீடு. நான் முதல் தடவை பீலியைப் பார்க்கப் போனபோது சரோஜாவும் கூடவே வந்தார். கமலம் எங்களை வாசலிலேயே மறித்தார்.

"மேல ஓட்டை போட்டு உறிஞ்சினா எங்க பீலி நிக்குமா மிஸ்?"

"தெரியாதுங்கம்மா. பாத்துத்தான் சொல்லணும்."

"தெரியாதுன்னு சொல்ற மொத ஆபீசர் நீங்கதான். ஒங்கள எப்பிடி நம்புறது?"

சரோஜா இடையில் புகுந்தார். "ஒங்க பீலிய நாங்க என்ன, இடுப்புல சொருகிக்கிட்டா போகப் போறோம் சம்மந்தி?"

"போறதா இருந்தா சொல்லிட்டுப் போங்க. எம் மருமக குளிக்கணும்."

"அவ எம் மக."

"கல்யாணத்துக்கு முந்தி."

பீலியில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். சோப்பு நுரையோடு நின்ற அந்த மகள் இருவரையும் பார்க்காமல் முகத்தைக் கழுவினாள். நான் கமலத்திடம் சொன்னேன், பீலிக்கு என்ன ஆகிறதென்று பார்க்காமல் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று. அவர் உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டு வந்தார். கிளாஸில் செம்பு நிறம். அடியில் ஒட்டியிருந்த ஒரு துணுக்குத் தேயிலை வரைக்கும் தெரிந்தது.

கிணறு நன்றாக அமைந்தது. மேட்டில், வெடிப்பின் கோட்டை ஒட்டித் துளைத்தோம். தண்ணீர் தாராளமாக வந்தது. பிள்ளைக்காம்பராவிலிருந்து வந்தவர்கள் அதைக் கையில் ஏந்திக் குடித்தார்கள். ஒருவர் தலையில் ஊற்றிக்கொண்டார். கிணற்றுக்கும் பீலிக்கும் நடுவே ஒரு நொறுங்கிய பாறைப் பட்டை ஓடியது. ரோட்டு வெட்டில் அதை நேரில் பார்த்தேன்: சாம்பல் நிறக் களிமண், விரலால் அமுக்கினால் பதிகிற பதம். சுவர் என்று நினைத்தேன். பிளவுப் பள்ளத்தாக்கில் நான் பார்த்த சுவர்களுக்கு இது தங்கச்சி மாதிரி இருந்தது. மேலே இறைப்பது கீழே தெரியாது என்று மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

அடுத்தது இறைப்புச் சோதனை. பம்பை நிறுத்தாமல் நாட்கணக்கில் ஓடவிட்டு, இறைத்த தண்ணீரைக் குழாய் வழியாகத் தொலைவிலுள்ள ஓடைக்கு அனுப்பிவிட்டு, கிணற்றிலும் சுற்றியுள்ள ஊற்றுகளிலும் என்ன நடக்கிறதென்று பார்ப்பது. எப்படிச் செய்வதென்று உங்களுக்குத் தெரியும். நல்ல வறட்சிக்காலம். ஜெனரேட்டர் மேட்டில் உறுமிக்கொண்டே இருந்தது. நான் வண்டியில் மேலே போவேன், கிணற்றைப் பார்ப்பேன். வண்டியில் சுற்றிக் கீழே வருவேன், பீலியின் அளவைப் பார்ப்பேன். பீலி குறையவில்லை. குறையாததோடு, இலேசாகக் கூடியது போலவும் இருந்தது. வறட்சியில் ஊற்று ஏன் கூட வேண்டும்? அந்தக் கேள்வி எனக்கு வந்தது. வந்ததை உட்காரச் சொல்லாமல் அனுப்பிவிட்டேன். நமக்குப் பிடித்த பதில் கையில் இருக்கும்போது கேள்விகள் அப்படித்தான் வாசலோடு போய்விடுகின்றன.

தோட்டத்தை நிர்வகிக்கும் துரை சிங்களவர். மோசமான மனிதர் இல்லை. வீடுகள் எழும்புவதற்கு அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். "எல்லாம் ஹரி தானே மிஸ்?" என்று கேட்டார். வீடுகளைத் திறந்துவைக்கப் பெரிய ஆள் ஒருவர் வருகிற ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. பந்தற்கால் நட்டாகிவிட்டது. என் கையெழுத்துதான் பாக்கி. கிட்டத்தட்ட ஹரி, சரிதான் என்றேன்.

சோதனையின் கடைசி நாள் காலை, பீலியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது கமலம் கூப்பிட்டார்.

"ஒரு வா தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க மிஸ். பீலி பொழச்சிருச்சுல்ல."

கிளாஸை வாங்கினேன். வாசல் வெயிலில் பிடித்தேன். அடி தெரியவில்லை. செம்பு நிறம் போய், மங்கிய கறுப்பு. மேலே மெல்லிய ஆடை. கிளாஸை ஆட்டினால் துண்டு துண்டாக உடைந்தது.

"தூள் மாத்திட்டீங்களாம்மா?"

"இல்லயே. அதே தோட்டத்துத் தூளுதான். ரெண்டு நாளா இப்பிடித்தான் வருது. மருமகளப் பேசிட்டேன், கொதிக்க வச்சே கொல்றான்னு." உள்ளே பார்த்துக் கத்தினார். "ஏம்மா, நேத்து ஒன்னைய ஏசுனேன்ல, அத விட்டுரு!"

"விட்டாச்சு, விட்டாச்சு" என்றது உள்ளேயிருந்து குரல்.

பீலித் தண்ணீர் மென்னீர். மக்கிய பாறை வழியாகச் சுருக்காக வந்துவிடுகிற தண்ணீர். பாறையோடு அதிகம் பேசியிராது. அதில் தேயிலை தெளிவாக இறங்கும். மேட்டுக் கிணற்றின் ஆழத்தில் ஒரு சுண்ணாம்புப் பாறைப் பட்டை இருந்தது. அதைத் தொட்டு வந்த தண்ணீர் வன்னீர். அதில் தேயிலை கறுக்கும், ஆடை கட்டும். நாங்கள் பீலியின் அளவைத் தினமும் பார்த்தோம். குணத்தை முதல் நாள் பார்த்ததோடு சரி. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்க பையில் வைத்திருந்த சிறு மானியை எடுத்துப் பீலியில் பிடித்தேன். கிணற்றுத் தண்ணீருக்குக் காட்டுகிற எண்ணை ஏறக்குறைய எட்டிக்கொண்டிருந்தது.

என் கையிலிருந்தது கிணற்றுத் தண்ணீர். மேலே இறைத்தது சுற்றிக்கொண்டு கீழே வந்து, பீலியில் விழுந்து, கமலத்தின் கேத்தலில் கொதித்திருக்கிறது.

வண்டியை விட்டுவிட்டு நடந்தேன். அத்தனை நாளும் கிணற்றைப் பார்த்தேன், பீலியைப் பார்த்தேன், நடுவில் நடக்கவில்லை. வண்டி இருந்ததே, எதற்கு நடப்பது? தேயிலைக்குள் ஏறினேன். சரிவுக்குக் குறுக்கே மட்டம் பார்த்து வெட்டிய கான்கள் வரிசையாக இருந்தன; மழைத்தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு ஓடாமல் தடுப்பதற்காகத் தேயிலை மலைகளில் வெட்டுவார்கள். வறட்சிக்காலத்தில் அவை காய்ந்து கிடக்க வேண்டும். ஒரு கானில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல், கண்ணாடி போல, மண்ணைக் கலக்காமல். அதன் கரையோடு போனேன். பீலிக்கு நேர் மேலே, ஒரு பாறையின் காலடியில் கான் முடிந்தது. தண்ணீர் அங்கே தேங்கவில்லை. மண் அதைக் குடித்துக்கொண்டே இருந்தது.

கான் வெட்டுகிற ஆட்கள் பக்கத்தில்தான் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய கங்காணி முத்தையா மண்வெட்டியை ஊன்றி எழும்பி நின்றார்.

"இந்தத் தண்ணிய யாருங்க இங்கிட்டுத் திருப்பினது?"

"நாங்கதான் மிஸ்." முகத்தில் பெருமை. "ஒங்க ஆளுங்களோட குழாய் ஓடை வரைக்கும் எட்டல. பாதியில அப்பிடியே சரிவுல விட்டுட்டாங்க. தண்ணிய நேரா எறக்குனா மலை நிக்குமா? ஒரு லயம் போனது பத்தாதா? அதான் கானுக்கு மாத்தி நிதானமா கொண்டாந்து விட்டோம். ஒரு கூடை மண்ணு போகல, வேணும்னா பாருங்க."

பார்த்தேன். ஒரு கூடை மண்கூடப் போகவில்லை. அவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார். எட்டாதது எங்கள் குழாய். அது எங்கே முடிகிறதென்று போய்ப் பார்க்காதது நான்.

இனி நீங்கள் யோசிக்க வேண்டிய இடம். பீலி ஓடுகிறது. அதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். சோதனை முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பந்தல். கையெழுத்து வைத்தால் சேலைத் தடுப்புக்குள் இருக்கிறவர்கள் வீட்டுக்குப் போவார்கள். கீழ்க்கணக்குப் பீலி அடுத்த வறட்சியில் நின்றாலும், அதை மழை இல்லாத குறை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். துரை ஒரு வழி சொன்னார்: இப்போது கையெழுத்து, குறைபாடு இருந்தால் பிறகு சரிசெய்யலாம். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் நான் பார்த்த வரைக்கும், ஒரு தடவை பெரிதாகப் பூட்டிய பம்பை யாரும் பிறகு சிறிதாக்கியதில்லை. அந்த இரைச்சலுக்குள் கீழே நின்றுபோன பீலியைப் பற்றி யார் சொன்னாலும் கேட்காது.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் எல்லோரும் வேலைக்குக் கூடியபோது போய்ச் சொன்னேன்: சோதனை செல்லாது, முதலிலிருந்து செய்ய வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்கு முடியாது.

சரோஜா கூடையை இறக்கி வைத்தார்.

"பீலி ஓடுது. நீங்களே கண்ணால பாத்தீங்க. அப்பறம் என்ன மிஸ்?"

"ஓடுறது அவங்க தண்ணி இல்லீங்க. ஒங்க கெணத்துத் தண்ணி கான் வழியா சுத்தி வருது."

"வரட்டுமே! சம்மந்தி வீட்டுக்கு நாங்க குடுத்த சீருன்னு நெனச்சுக்கிறோம்."

சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்திருப்பேன், வேறு நாளாக இருந்தால்.

"நாளைக்கு அந்தத் தண்ணி கானுக்கு வராதுங்க. ஒங்க டேங்குக்குப் போகும். அப்ப பீலிக்கு எது வரும்?"

யாரோ ஒருவர் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். சரோஜா அவர் பக்கம் திரும்பவில்லை. என்னைத்தான் பார்த்தார். குரல் இறங்கியிருந்தது, அவருக்கு அப்படியொரு குரல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"நொவரெலியாவுல நீங்க குழாயத் தொறந்தா தண்ணி வரும் மிஸ். நாங்க சேலைய கட்டித் தொங்கவிட்டுக்கிட்டு அதுக்குள்ள புள்ளைகளை வச்சிருக்கோம். இன்னும் கொஞ்ச நாளு கெடங்கன்னு சொல்ல ஒங்களுக்கு வாய் வருதுல்ல?"

அதற்குச் சமாதானம் தேடாதீர்கள். அந்த இடத்தில் படத்தை விரித்துப் பிளவையும் படுகையையும் விளக்க ஆரம்பித்தால், நீங்கள் சொல்வது எல்லாம் உண்மையாக இருந்தும் நீங்கள் பொய்யர் ஆகிவிடுவீர்கள். "வருதுங்க" என்றேன். "ஒங்க மக எந்தப் பீலியில தண்ணி எடுக்குதுன்னு எனக்குத் தெரியும். ஒரு ஒதவி செய்யுங்க. இந்தத் தடவை நீங்க போய்ப் பீலியில நில்லுங்க. கமலம் அம்மா மேல வந்து கெணத்துல நிக்கட்டும். ஒங்க ரெண்டு பேரு கண்ணுக்கும் எது தெரியுதோ அதத்தான் நான் எழுதுவேன்."

சரோஜா கூடையை எடுத்து மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்.

ஓடைவரை எட்டுகிற குழாய் வேண்டும். ஹட்டனில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் போனேன். அளவைச் சொன்னதும், "என்ன மிஸ், மலைய சுத்திப் பொட்டலம் கட்டப் போறீங்களா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். மரக்கறித் தோட்டக்காரர்களுக்காக வைத்திருந்த குழாய்ச் சுருள்களைத் தானே லொறியில் ஏற்றிவிட்டார். வேலை முடிந்ததும் கொண்டுவந்து தந்தால் போதும் என்றார்.

கான் தண்ணீரை நிறுத்திக் காத்திருந்தோம். கமலத்தின் தேத்தண்ணி பழையபடி தெளிந்த பிறகுதான் பம்பைத் திரும்பப் போட்டோம். இந்தத் தடவை குழாயின் ஓரமாகவே கடைசி வரை நடந்தேன். முழங்கால் அன்றைக்கே முறையிட ஆரம்பித்துவிட்டது.

சரோஜா வந்தார். முதலில் ஒன்றும் ஆகவில்லை. "பாத்தீங்களா? நிக்கவே நிக்காது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பாறைக்குள் தண்ணீருக்குச் சேதி போய்ச்சேர நேரம் பிடிக்கும். அவசரப்பட்டு நிறுத்தியிருந்தால் அவர் சொன்னதுதான் முடிவாகியிருக்கும். பிறகு பீலியின் சத்தம் மாறியது. கொட்டுகிற சத்தம், வார்க்கிற சத்தமாயிற்று. வார்க்கிற சத்தம், தட்டுகிற சத்தமாயிற்று. தாரை பீலிச் சுவரை விட்டு எட்டி விழுந்த இடம் காய்ந்து, சுவரோடு ஒட்டி ஒழுகத் தொடங்கியது. சரோஜாவின் மகள் வாளியை வைத்துவிட்டு நின்றாள். வாளி நிறையவில்லை. அவள் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

சரோஜா மேட்டுக்கு ஏறி வந்தார். ரோட்டால் வரவில்லை, தேயிலைக்குள்ளால் நேராக, மூச்சு வாங்க. கிணற்றடியில் இருந்த கமலத்தைப் பார்த்தார். ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலால் கத்தினார்.

"நிப்பாட்டுங்க மிஸ்! எம் மக வாளிய வச்சிக்கிட்டு நிக்கிறா."

நான் சுவர் என்று நினைத்தது கதவு. களிமண் மேலேதான். அடியில் வெடிப்பு திறந்தே இருந்தது. மேட்டுக் கிணறு ஆழத்து வன்னீரோடு பீலிக்குப் போகிற தண்ணீரையும் சேர்த்தே இழுத்தது.

அந்த இரண்டு பெண்களும் கிணற்றடியிலேயே உட்கார்ந்து பேசிய பேச்சை நான் முழுவதும் எழுதப்போவதில்லை. பாதி ஏச்சு. கல்யாணத்தில் யார் யாருக்குச் சாப்பாடு போடாமல் விட்டார்கள் என்பது வரைக்கும் போனது. முடிவில் சரோஜா என்னிடம் திரும்பி, "ரெண்டு பக்கமும் சாகாம எவ்வளவு எடுக்கலாம்? அதச் சொல்லுங்க" என்றார். அதுதான் எங்கள் தொழிலின் ஒரே கேள்வி. அவ்வளவு சுருக்கமாக யாரும் என்னிடம் கேட்டதில்லை.

சிறிய பம்ப். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நடுவில் கிணறு மூச்சு வாங்க விட வேண்டும். அந்த அளவுக்கு இறைத்துப் பார்த்தோம். பீலி மெலிந்தது, ஆனால் நிற்கவில்லை. வீடுகளுக்குத் திட்டத்தில் எழுதியதைவிடக் குறைவான தண்ணீர்தான். முத்தையாவின் கான் எங்களுக்கு ஒன்றைக் காட்டிக்கொடுத்திருந்தது: பீலி எந்த இடத்தில் குடிக்கிறது என்பதை. அந்தப் பாறையின் காலடிக்கு மழைக்காலத் தண்ணீரைக் கொண்டுவந்து இறக்குகிற மாதிரி மேலும் சில கான்களை வெட்டித் தரத் துரை சம்மதித்தார். அதைக் கேட்டதும் முத்தையா, "மொதல்லயே சொல்லியிருந்தா இன்னும் அழகா வெட்டியிருப்பேனே" என்றார்.

அதன் பிறகுதான் கையெழுத்து வைத்தேன். பெரிய ஆள் வரவில்லை; அவருக்கு வேறு திறப்புவிழா இருந்தது. பந்தற்கயிற்றில் பிள்ளைகள் ஊஞ்சல் கட்டினார்கள். ஒரு சாதாரண வேலை நாளில், மத்தியானம், துரை சாவிகளைக் கொடுத்தார். சரோஜா வாங்கும்போது என் பக்கம் பார்க்கவில்லை. இருக்கட்டும். பிள்ளைக்காம்பராவில் அவர் கூடுதலாகக் கழித்த நாட்கள் என்னால் வந்தவை. அவற்றுக்கு அவர் நன்றி சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த வறட்சியில் போய்ப் பார்த்தேன். யாரும் அனுப்பவில்லை. மழை பெய்து பல வாரம் ஆகியிருந்தது. கொழுந்து குறைந்து, மலை வெளிறியிருந்தது. வண்டியை ரோட்டில் விட்டு, முழங்காலைத் திட்டிக்கொண்டு இறங்கினேன். பீலி ஒரு விரல் தடிப்பில் விழுந்துகொண்டிருந்தது. அதன் கீழே பிளாஸ்டிக் கேனைப் பிடித்துக்கொண்டு நின்றது சரோஜா.

"மேல ஒங்களுக்குத் தண்ணி வரலியா?" பயந்துபோய்க் கேட்டேன்.

"வருது வருது. சமைக்க, குளிக்க எல்லாத்துக்கும் ஆகுது. சவுக்காரம் மட்டும் நொரைக்க மாட்டேங்குது. தேத்தண்ணி வச்சா கஷாயம் மாதிரி இருக்குது, எம் மாமனாரு குடிக்க மாட்டேங்கிறாரு." கேனை நிமிர்த்தி மூடினார். "அதுக்கு மட்டும் ஒரு கேனு இங்க வந்து புடிச்சுக்கிறது."

"கேட்டுட்டுப் புடிக்கிறாங்களான்னு கேளுங்க மிஸ்!" என்று வீட்டுக்குள்ளிருந்து கமலத்தின் குரல்.

"எம் மகளுக்குக் குடுத்த சீருல கழிச்சுக்குங்க!"

கமலம் கிளாஸோடு வெளியே வந்தார். வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்தேன். செம்பு நிறம். கிளாஸின் அடி தெரிந்தது. அதற்கப்பால் கேனைத் தலையில் ஏற்றிக்கொண்டு மேட்டுப் பாதையில் போகிற சரோஜாவும் தெரிந்தார்.

பையில் மானி இருந்தது. எடுக்கவில்லை. குடித்தேன்.